நூறு என்பது யார் ரத்தம்

சென்றாயன் ஏழாவது தடவையாக வந்து வாசலில் நின்றபோது, கையிலிருந்த ஊசியை அவர் விரலில் குத்துவதா, தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வதா என்று ஜெயராக்கினிக்குத் தெரியவில்லை. மணி எட்டேமுக்கால்தான். மையம் திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மெஷின் சூடாகவில்லை. மின்விசிறி சுற்றுகிறேன் பேர்வழி என்று முனகிக்கொண்டிருந்தது. மாவட்டத் தலைமை மையத்திலிருந்து வரவேண்டிய ஐஸ் பெட்டி பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது, வழக்கம்போல ஐஸ் எல்லாம் உருகி வெதுவெதுப்பான தண்ணீராக.

"ஒன்பது மணிக்குத்தான் திறப்போம்னு வெளிய எழுதியிருக்கே, படிக்கலயா?"

"படிச்சேன் மேடம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அதான் வெள்ளனவே வந்துட்டேன்."

வேலாம்பாறை காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் சென்றாயன். தோளில் சிவப்புத் துண்டு. கூட நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் கனிஷ்கா, சீருடையும் புத்தகப்பையுமாக. இந்த மூன்று மாதத்தில் ஆறு தடவை அந்தப் பிள்ளையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஆறு தடவையும் அளவு சரியாகவே வந்தது. அளவு சரியாக வந்த பிள்ளைக்கு எப்படி வெள்ளை அட்டை கொடுப்பது? இந்த மனிதருக்கு அது மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

"போன வெள்ளிக்கிழமை வகுப்புலயே விழுந்துட்டா மேடம். மத்தியானம் சாப்பிட்டு அரை மணி நேரத்துல வாயில எச்சி ஒழுகுது. வயித்தப் பிடிச்சுக்கிறா. போர்டுல எழுதுனது தெரியலங்கிறா. ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா இருக்கா. வீட்டுல நான் காய் வாங்குறதையே விட்டுட்டேன். தயிரு, கருவாடு, சோறு. அவ்வளவுதான்."

"அப்ப பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?"

"வீட்டுச் சோறு கொண்டுவரக் கூடாதாம். எல்லாப் பிள்ளையும் ஒண்ணாத்தான் சாப்பிடணுமாம். தனியாச் சாப்பிடணும்னா வெள்ளை அட்டை வேணுமாம். ஹெட்மாஸ்டர் உங்களப் பாக்கச் சொல்றாரு. நீங்க ஹெட்மாஸ்டரப் பாக்கச் சொல்றீங்க."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வெள்ளை ஈ எந்த மருந்துக்கும் மசியாமல் தக்காளியையும் கத்தரியையும் மொட்டையடித்தபோது வந்ததுதான் நீலம். டப்பா மூடி நீலமாக இருந்ததால் அந்தப் பெயர். பூச்சிக்கொல்லிகளிலேயே அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பழைய மருந்தைப்போலப் பத்து மடங்கு அடிக்க வேண்டும். அவ்வளவு அடித்தால் காயைத் தின்கிற மனுசன் என்ன ஆவான் என்று கேட்டவர்களுக்குப் பதிலாகக் காப்பூசி வந்தது. ஒரே வாரத்தில் முகாம் போட்டு ஊருக்கே குத்தினார்கள். அன்று கனிஷ்கா கைக்குழந்தை. ஜெயராக்கினிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஆயுசுக்கும் ஒரே ஊசி போதும் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் யாரும் கத்தரிக்காயைக் கழுவிக்கூட நறுக்குவதில்லை.

சில பேருக்கு ஊசி பிடிக்காது. நூற்றில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மையம். ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து, அது நீலத்தை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று மெஷின் பார்க்கும். சரியான வேகம் நூறு. அறுபதுக்குக் கீழே வந்தால் வெள்ளை அட்டை. மருந்தடிக்காத தனித் தோட்டத்துக் காய் அவர்களுக்கு ரேஷனில் வரும். ஊரில் அவர்களுக்கு வேறொரு பெயரும் உண்டு. பூச்சி. வெள்ளை அட்டை வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள் என்று ஜெயராக்கினி கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த ஆள் என்னடாவென்றால் மகளைப் பூச்சியாக்கிக் கொடுங்கள் என்று நடையாய் நடக்கிறார்.

"இங்க பாருங்க, நீலம் உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான்..."

"ஆறு தடவை சொல்லிட்டீங்க மேடம். நானே சொல்றேன், சரியான்னு பாருங்க." சென்றாயன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "சந்தைக்கு மிளகாய்த்தூள் மூட்டை வருதுன்னு வச்சுக்குவோம். அங்க ரெண்டு கோஷ்டி நிக்குது. ஒரு கோஷ்டிக்கு மூட்டையக் கிழிச்சுக் கொட்டுறதுதான் வேலை. கிழிச்சாத்தான் நெடி. மூட்டையா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. இன்னொரு கோஷ்டி மூட்டையப் பின்வாசல் வழியா வெளிய தூக்கிட்டுப் போயிரும். பூச்சி உடம்புல கிழிக்கிறவன் சாஸ்தி, தூக்குறவன் கம்மி. நெடி தாங்காம செத்துப்போகுது. ஆடு மாடு மனுசன் உடம்புல ஈரல்ல தூக்குறவன் சாஸ்தி. கிழிக்கிறதுக்குள்ள தூக்கிருவான். நீலம் லாரி லாரியா வருதுன்னதும் ஆளு பத்தல. காப்பூசி போட்டு இருபது மடங்கு ஆளு கூட்டுனாங்க. சரியா?"

சரிதான். ஆக்சிஜன் சேருவது, நொதி வெட்டுவது என்று அவள் மூச்சைப் பிடித்துச் சொன்னதைவிட இது தெளிவாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"எம்பிள்ளை உடம்புல தூக்குறவன் எவனும் வேலைக்கு வரலன்னு எனக்குத் தோணுது மேடம்."

"தோணுறதுக்கெல்லாம் அட்டை குடுக்க முடியாது. மெஷின் சொல்லணும்."

மெஷின் பீப் என்றது. சூடாகிவிட்டது. ஜெயராக்கினி பழக்க தோஷத்தில் தன் இடது கை மோதிர விரலைத் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, மெஷினின் முதல் குழியில் செருகினாள். திரையில் 'நிலை அளவு ஏற்கப்பட்டது' என்று வந்தது. பிறகு ஐஸ் பெட்டியில் மிதந்துகொண்டிருந்த குப்பி ஒன்றைத் தூக்கி, அதன் வரிசை எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

தினமும் கதவைத் திறப்பதற்கு முன்னால் செய்கிற வேலை இது. இன்றுதான் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன மேடம், உங்க ரத்தத்தப் போடுறீங்க?"

"அது நிலை அளவு. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற முகமாக அது இல்லை. போகட்டும், இதையும் ஒரு தடவை சொல்லித் தொலைப்போம் என்று அவள் சொன்னாள். நூறு என்றால் எவ்வளவு என்று மெஷினுக்குத் தானாகத் தெரியாது. தினமும் காலையில் ஒரு மாதிரியைக் காட்டி, இதுதான் நூறு என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் தலைமை மையம் குப்பி அனுப்புகிறது. முதல் மூன்று வருஷம் குளிர்வண்டியில் வந்தது. பிறகு பஸ்ஸில் வர ஆரம்பித்தது. வெயிலில் வெந்த குப்பியை மெஷின் ஏற்பதில்லை. மெஷின் ஏற்காவிட்டால் அன்றைக்குப் பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லையென்றால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். அவளுக்கு முன்னால் இருந்தவர்தான் இந்தக் குறுக்குவழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். 'உனக்குக் காப்பு நல்லாப் பிடிச்சிருக்கு, காப்பூசி அட்டையிலேயே நூறுன்னு இருக்கு. அப்பறம் குப்பி என்ன, நீ என்ன?' பக்கத்து மையங்களிலும் இதே கதைதான். ஆறு வருஷமாக யாரும் கேள்வி கேட்கவில்லை.

சென்றாயன் குப்பைக்கூடையில் கிடந்த குப்பியை எட்டிப் பார்த்தார்.

"சந்தையில தராசுக்கு வருசா வருசம் முத்திரை வைக்க ஆபீசர் வருவாரு மேடம். ஒரு வியாபாரி அஞ்சு கிலோ எடைக்கல்லு தொலைஞ்சுபோச்சுன்னு, அதே எடைக்கு ஒரு பூசணிக்காயைப் பாத்து வச்சுக்கிட்டான். ரெண்டு வாரம் அதவச்சே நிறுத்தான். பூசணி வாடிக்கிட்டே வந்திருக்கு. எல்லாக் காயும் சரியா அஞ்சு கிலோ வருதுன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணாத குறைதான் அவன். கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க ரத்தம் வாடாதா?"

ஜெயராக்கினிக்குச் சுர்ரென்று ஏறியது. பதினாலு வருஷ சர்வீஸ். இந்த ஆள் தன்னைப் பூசணிக்காய் என்கிறார்.

"பாப்பா, இங்க வா. கையை நீட்டு. இன்னிக்கு ஏழாவது தடவையும் பாத்துருவோம். இதுக்கப்பறம் இந்தப் பக்கம் நீங்க வரக்கூடாது. சொல்லிட்டேன்."

கனிஷ்கா அழாமல் விரலை நீட்டினாள். ஆறு தடவை குத்துப்பட்ட பிள்ளைக்குப் பழகிப்போயிருந்தது. சில்லு இரண்டாவது குழிக்குள் போனது. இரண்டு நிமிஷம். திரையில் நூற்றிநாலு என்று வந்தது.

"பாத்தீங்களா? நூத்திநாலு. என்னைவிட நாலு சாஸ்தி. போதுமா? உங்க பிள்ளைக்கு ஒரு கேடும் இல்ல. வெயில். ஊர் பூராவும் வெயில் மயக்கம்தான். எனக்குந்தான் தலைவலி, எனக்குந்தான் மத்தியானமானா கண்ணு மங்குது. நான் யார்கிட்டப் போய் அட்டை கேக்க?"

கனிஷ்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்களுக்கும் கண்ணு துடிக்குது. எனக்குத் துடிக்கிற மாதிரியே."

ஜெயராக்கினியின் கை தானாக இடது இமைக்குப் போனது. துடித்துக்கொண்டுதான் இருந்தது. எத்தனை நாளாக என்று யோசித்தாள். பொங்கலுக்கு முன்னாலிருந்தே இருக்கும். தூக்கம் போதவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு வேறொரு எரிச்சல் ஞாபகம் வந்தது. கைக்குழந்தைகள். ஒரு வயதில் காப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்துக் குழந்தைகளைக் கொண்டுவருவார்கள். அதுகளைப் பார்த்தாலே மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஐந்நூறு, அறுநூறு என்று எதையாவது காட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைமை மையத்துக்கு எழுதிக் கேட்டபோது, 'குழந்தை விரலில் ரத்தம் சரியாக வராது. மெஷின் பிழை என்று குறித்துவிட்டு நூறு என்று பதியவும்' என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அப்படியே செய்கிறாள்.

பழைய பதிவேடுகளையும் பிழைப் பதிவேட்டையும் எடுத்துப் புரட்டினாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் குழந்தைகளுக்கு நூற்றிப்பத்து, நூற்றிப் பதினைந்து. அதற்கடுத்த வருஷம் நூற்று அறுபது. அப்புறம் இருநூற்று நாற்பது. முந்நூற்று எண்பது. போன வருஷம் ஐந்நூற்றுச் சொச்சம். நேற்று வந்த குழந்தைக்கு எழுநூறு. பிழையாக இருந்தால் முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக இருக்க வேண்டும். இது படிப்படியாக ஏறியிருந்தது. அவளே தன் கையால், அழகான கையெழுத்தில், வருஷம் வருஷமாக எழுதி வைத்திருந்தாள்.

குழந்தைகள் ஏறவில்லை. நூறுதான் இறங்கியிருக்கிறது.

அவள் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். பிழை வந்த ரத்தத்தை ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நேற்றைய குழந்தையின் குழாயில் அடியில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. ஒரு சொட்டை எடுத்து, ஆறு வருஷமாகத் தன் ரத்தம் போய்க்கொண்டிருந்த முதல் குழியில் வைத்தாள். நிலை அளவு ஏற்கப்பட்டது.

தன் சொட்டை இரண்டாவது குழியில் வைத்தாள். பதினாலு.

கனிஷ்காவின் சில்லை வைத்தாள். பதினைந்து.

"நீங்களும் கையை நீட்டுங்க," என்றாள் சென்றாயனிடம். அவருக்குப் பதின்மூன்று.

"ஆயுசுக்கும் ஒரே ஊசின்னாங்களே மேடம்."

"அப்படித்தான் எங்கிட்டயும் சொன்னாங்க."

அவளுக்குப் பயம் வந்தது. இத்தனை நேரம் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மெஷினுக்குள் ஊற்றுகிற திரவமே நீலம்தான். நூறு இருக்கிற தைரியத்தில் இரண்டு வருஷமாகக் கையுறைகூடப் போடாமல் அதை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷத்தில் எத்தனை பேருக்கு நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாள்? பதினோராயிரம் இருக்கும். எச்சில் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது என்று வந்து நின்றவர்களையெல்லாம் வெயில் என்று சொல்லித் துரத்தியிருக்கிறாள். சென்றாயனை மட்டும் ஆறு தடவை.

வெள்ளை அட்டைக் கட்டை எடுத்தாள். கனிஷ்கா, த/பெ சென்றாயன், அளவு பதினைந்து. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நீட்டினாள்.

"வச்சுக்கங்க. இன்னிக்கே ஹெட்மாஸ்டர்ட்டக் குடுங்க. என்னை மன்னிச்சுருங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

சென்றாயன் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மூன்று மாதம் நாயாய்ப் பேயாய் அலைந்து வாங்கிய அட்டை. சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு, எழுந்திருக்காமல் அப்படியே இருந்தார்.

"இவ கூட அந்தப் பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்க சாப்பிடுது மேடம். இன்னிக்குக் கத்தரிக்கா சாம்பார். காலையில நாந்தான் மூட்டையத் தூக்கிட்டுப்போய் இறக்கினேன்."

"என்னால என்ன பண்ண முடியும்? கட்டுல இருக்குறதே நாப்பது அட்டை. சாப்பாட்ட நிறுத்துற அதிகாரம் எனக்குக் கிடையாது. மாவட்ட அலுவலர் உத்தரவு போட்டாத்தான் அடுப்ப அணைப்பாங்க."

"போன் பண்ணுங்க."

"பண்ணா என் வேலை போயிரும்."

"சரிங்க மேடம்," என்றார் சென்றாயன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாவட்ட அலுவலர் தவமணி போனை எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அதற்குள் வாசலில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். ஜெயராக்கினி கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் ரத்தத்தை வைத்ததையும் சொன்னாள். குப்பி எண்ணைப் பொய்யாக எழுதியதையும் சொன்னாள்.

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சும்மா," என்றார் தவமணி. "எல்லா மையமும் அப்படித்தான் பண்ணுது. எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? மாவட்டம் பூரா சராசரி நூறு. மூணு வருசமா ஒரு புள்ளி இறங்கல. அதைப் பாத்துத்தான் போன மாசம் நீலத்தோட அளவ இன்னும் கால் பங்கு கூட்டிக்கலாம்னு உத்தரவே வந்திருக்கு. நீங்க என்னடான்னா ஒரு கைக்குழந்தை ரத்தத்த வச்சுக்கிட்டுப் பதினாலு, பதினஞ்சுங்கிறீங்க."

"இறங்காது சார். அளக்குறவங்களும் சேர்ந்தே இறங்குறோம். அப்பறம் எப்படி இறங்கும்?"

"இங்க பாருங்கம்மா. கதவைத் திறந்து வழக்கம்போலப் பாருங்க. நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல. வெள்ளை அட்டை ஒண்ணு குடுத்துட்டீங்கன்னா இருக்கட்டும். அந்த ஆளும் வாயை மூடிக்குவான்."

"ஊர்ல பிள்ளைங்க விழுந்துக்கிட்டு இருக்குது சார். மத்தியானம் சாப்பிட்டா வயித்த வலிக்குதுங்குது. எச்சி ஒழுகுது. கண்ணு மங்குது. இமை துடிக்குது. காய் தின்னாத அன்னிக்குச் சரியாயிருது. இதை வெயில்னு இன்னும் எத்தனை பேர்ட்டச் சொல்றது?"

போனை வைத்துவிட்டாரோ என்று அவள் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை. நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது அவர் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஏம்மா, அந்தக் குழந்தையோட ரத்தம்... இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா. ரெண்டு மாசமா மத்தியானமானா வயித்து வலின்னு போன் வருது பள்ளிக்கூடத்துல இருந்து. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்னு நேத்துக்கூட அடிச்சேன்." சாவிக்கொத்து குலுங்கியது. "இப்பவே கிளம்புனா பதினொன்றரைக்குள்ள அங்க வந்துருவேன். நான் வர்ற வரைக்கும் அதைப் பத்திரமா வச்சிருங்க. வேற யாருக்கும் செலவு பண்ணிராதீங்க."

ஜெயராக்கினி குளிர்பெட்டிக் கதவைத் திறந்து குழாயைப் பார்த்தாள். சிக்கனமாக எடுத்தால் நாலைந்து சொட்டுத் தேறும். பெஞ்சில் கனிஷ்கா அப்பாவின் தோளில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சார்," என்றாள். "வேலாம்பாறைப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிப்பாங்க. சாம்பாரைப் பரிமாறாம நிறுத்தச் சொல்லி முதல்ல உத்தரவு அனுப்புங்க. அது வந்து சேர்ந்ததும் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தக் குழாயை யார் கேட்டாலும் நான் தரமாட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

போனை வைக்காமலே அவள் காத்திருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மணி பத்தே கால். சென்றாயன் எழுந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். நாலு நிமிஷம் கழித்து மேசைமேல் இருந்த கணினியில் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வந்து விழுந்தது. வேலாம்பாறைக்கு மட்டும் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். அவர் மாவட்டத்திலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருந்தார், மகள் படிக்கிற பள்ளியின் பெயரை முதலில் போட்டு.